அனுவாருக்கு இரண்டு அரை வேலைகள்

அனுவார் வேலையை விடுகிறேன் என்று சொன்னபோது குல்ஷாத்தின் வாயில் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டை பாதி இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"எங்கடா போற?"

"அல்மாட்டிக்கு, அக்கா. பீட்சா கம்பெனி. நாலு மடங்கு சம்பளம்."

"பீட்சாவுக்கு நீ எதுக்கு?"

"பீட்சா எங்க வருதுன்னு காட்ட போன்ல ஸ்கூட்டர் பொம்மை ஒண்ணு வரும்ல, அது திக்கித் திக்கிப் போகுதாம். வழுக்கிட்டுப் போகணுமாம்."

கரகாண்டா பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் அது. கீழே ஆங்காங்கே தொங்கும் கருவிகள் மீத்தேன் வாயுவை அளந்து மேலே சொல்லும். வாயு ஏறினால் அலாரம் அடித்து, கீழே மின்சாரத்தை வெட்டுகிற புரோகிராமைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அனுவார். குல்ஷாத் அவனுடைய பிரிவுத் தலைவி. அவள் கணவன் சாபித் மூன்றாம் சுரங்கப்பாதையில் கரி வெட்டுகிறான். ஆகவே அனுவார் போவது அவளுக்கு அலுவலகப் பிரச்சினை மட்டும் அல்ல.

அவள் இயக்குநர் தோலெகெனிடம் போனாள். அவர் சம்பள அட்டவணையைக் காட்டினார். அதில் புரோகிராமர் தட்டச்சுக்காரியோடு ஒரே வரிசையில் இருந்தான். தட்டச்சுக்காரி ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகிவிட்டன. வரிசை மட்டும் இருந்தது.

"எட்டு மாசமா அலாரம் ஒரு தடவையாவது அடிச்சிருக்கா, குல்ஷாத் மராதோவ்னா? சும்மா உக்காந்திருக்கிறவனுக்கு எதுக்கு உயர்வு?"

"அதுதான் ஐயா அவன் திறமை. அவன் வர்றதுக்கு முன்னாடி வாரத்துல ரெண்டு தடவை பொய்யா அடிச்சு எல்லாரையும் மேல ஏத்துமே, மறந்துட்டீங்களா?"

அவர் மறக்கவில்லை. அலாரம் அடித்தால் வேலை நிற்கும், கரி குறையும், போனஸ் போகும். இந்த எட்டு மாத போனஸில்தான் குல்ஷாத் வீட்டுக்கே சலவை இயந்திரம் வந்தது. அட்டவணையைத் தொட முடியாது, ஆனால் காலியாக இருக்கிற வேறொரு பதவியில் பாதியை அவனுக்கே கொடுக்கலாம் என்றார். இங்கே எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள். கொதிகலன் அறையில் கரி போடுகிறவன் இடம் காலியாக இருந்தது. பேருக்குத்தான், போக வேண்டியதில்லை.

அடுத்த வாரம் தொழிலாளர் ஆய்வாளர் வந்தார். கரி போடுகிறவன் எங்கே என்று கேட்டார்.

அனுவார் மண்வெட்டி பிடித்தான். ஆய்வாளர் போவதற்குள் வலது கை வெந்துவிட்டது. கொதிகலன் அறைத் தலைவனுக்கு மட்டும் அவனை மிகவும் பிடித்துப்போனது. நல்ல உடம்புக்காரப் பையனை எதற்குக் கம்ப்யூட்டர் முன்னால் வீணாக்குகிறீர்கள் என்று குல்ஷாத்திடமே கேட்டான்.

குல்ஷாத் அனுவாரை அங்கிருந்து எடுத்து, பாதித் துப்புரவுப் பணியாளராகப் போட்டாள். கணக்குப் பிரிவுப் பெண்கள் விவரமானவர்கள். சம்பளம் வாங்குகிறவன் துடைக்கட்டும் என்று வாளியை அவன் மேசைமேலேயே வைத்தார்கள். இரண்டு வாரமாக அவன் புரோகிராமைத் தொடவில்லை. இடது கையால் மாடிப்படி துடைத்தான்.

"நல்ல பையன், விட்டுடாத" என்றான் சாபித், இரவுச் சாப்பாட்டின்போது இருமிக்கொண்டே.

"நீ முதல்ல மேல்சட்டையைப் போடு. காலர்ல சிவப்பு நூல்ல உன் பேரை எல்லாம் தைச்சுக் குடுத்தேன்."

"கீழதான் தொங்குது. எங்க போயிடப் போகுது?"

கடைசியாக ஒரு வழி தோன்றியது. கீழே இறங்குகிறவர்களுக்கு ஆபத்துப் படி உண்டு, சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஒரே நிபந்தனை, மாதம் ஒரு முறையாவது உண்மையாகவே இறங்க வேண்டும். குல்ஷாத் கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் பாதையில் காலை ஷிப்டு முடிந்து ஆட்கள் ஏறியதும் அனுவார் இறங்கினான். தன் புரோகிராமின் மறுமுனையை அவன் பார்ப்பது அதுதான் முதல் முறை.

முகமெல்லாம் கரியோடு ஏறி வந்தவன், ராஜினாமாக் கடிதத்தை அவள் மேசையில் வைத்தான்.

"பொம்மை ஸ்கூட்டருக்காக இத்தனை பேரை விட்டுட்டுப் போறியா? உனக்கு மனசாட்சி இருக்கா?"

"ஸ்கூட்டர் ஓடுனா யாராவது பாக்குறாங்க, அக்கா. இங்க..."

அவள் முடிக்க விடவில்லை. வாயில் வந்ததெல்லாம் சொன்னாள்.  அவன் தலைவிளக்கைத் திருப்பிக் கொடுக்க விளக்கு அறைப் பக்கமாக நடந்தான்.

சாபித் மதிய ஷிப்டுக்கு இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அலாரம் அடித்தது. மூன்றாம் பாதை.

உடனே தொலைபேசியும் அடித்தது. "போற போக்குல கெடுத்துட்டுப் போயிட்டான் பாத்தீங்களா? நிறுத்துங்க, மராதோவ்னா. கரி நிக்குது" என்றார் தோலெகென்.

குல்ஷாத்துக்கும் அப்படித்தான் பட்டது. கோபத்தில் ஏதாவது செய்திருப்பான். இல்லை, இரண்டு வாரம் யாரும் தொடாத புரோகிராம் தானாகவே கெட்டிருக்கும். எட்டு மாதமாக இல்லாத வாயு இன்றைக்கா வரும்? அலாரத்தை நிறுத்தும் சாவியைப் போட்டுத் திருப்பினாள். ஓசை நின்றது. கீழே மின்சாரம் திரும்பியதற்கான பச்சை விளக்கு எரிந்தது.

வாசலில் விளக்கு அறை ராய்ஸா நின்றிருந்தாள். அவள் கையில் கரி படிந்த பஞ்சு மேல்சட்டை ஒன்று இருந்தது. காலரில் சிவப்பு நூல்.

"அனுவார் தம்பி குடுக்கச் சொன்னான், அக்கா. இது மூணாம் பாதையில வாயு அளக்குற கருவி மேல மூடியிருந்துச்சாம், எடுத்துட்டானாம். இனிமே அடிச்சா நம்பணும்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னான்."