ஐந்து பல்லும் ஒரு 'ம்ம்'மும்

"அண்ணே, உங்கட மீன் வாறதுக்கு முதலே மணம் வந்திற்று," என்றாள் சித்தாண்டிச் சோற்றுக்கடை அன்னப்பூரணி.

கோணாமலை சைக்கிளை நிறுத்திப் பெட்டியை அவிழ்த்தான். கடைக்குள் மற்ற மீன்காரன் சதீசன் தேத்தண்ணியைக் குடித்து முடித்திருந்தான். காலையில் களுவன்கேணிக் கரையில் இருவரும் ஒன்றாகத்தான் மீன் ஏற்றினார்கள்.

"ஞாயிறு வரைக்கும் பாப்பன்," என்றாள் அன்னப்பூரணி. "பிந்துற ஆள் பிறகு வரத் தேவையில்ல."

அந்தக் கடை போனால் கோணாமலைக்கு வேறு வாடிக்கை கிடையாது.

பழி சைக்கிள்மேல் விழுந்தது. அது சுனாமி நிவாரணத்தில் கிடைத்தது. கொடுத்தவர்கள் பாதையைப் பார்த்திருக்கமாட்டார்கள். முதலில் கால் புதையும் மணல், அடுத்து வயல் வட்டைக்கு நடுவே கிறவல் கல்லுப் பாதை, கடைசியில் சண்டை முடிந்தபின் போட்ட வழுவழுப்பான காப்பெற் தார் றோட்டு. மூன்றுக்கும் ஒரே பல்லுச் சக்கரம்.

கிறவலின் நடுவில் ஆமிக்காரரின் சோதனைக் காவலரண், சென்றி. அதில் இறங்கவேண்டும், தொப்பியைக் கழற்றவேண்டும், அடையாள அட்டையை, ஐசியை, நீட்டவேண்டும். நிமிர்ந்து பார்ப்பவனிடம் கேள்வி கூடும் என்பதால் கோணாமலை மண்ணைத்தான் பார்ப்பான். முதுகுக்குப் பின்னால் ஏதாவது விர்ரென்று போனாலும் திரும்பமாட்டான். உள்ளேயிருந்து "ம்ம்" என்று வரும். அதன்பிறகு பீப்பாய்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டு போவான். முன்பிருந்தவர்கள் இரண்டு சொல்லாவது பேசுவார்கள். இப்போதிருப்பவர் 'ம்ம்'முக்கு மேல் பேசுவதில்லை. நல்ல மனிசன் என்று கோணாமலை நினைத்துக்கொண்டான்.

சைக்கிள் திருத்தும் மெல்றோய் ஒரு கோழியை வாங்கிக்கொண்டு, பின்னால் இருபத்திரண்டு பல்லுச் சக்கரம் பூட்டினான்.

"இனி மணலில எருது மாதிரி இழுக்கும்."

இழுத்தது. மணலிலேயே சதீசன் பின்தங்கிவிட்டான். ஆனால் காப்பெற்றில் கோணாமலையின் கால்கள் தையல் மிசினாக அடித்தன, சைக்கிள் மட்டும் ஆறுதலாக, மெல்லத்தான் வந்தது. கடைக்குப் போனால் சதீசனுக்கு இரண்டாவது தேத்தண்ணி.

"கால் வலிக்குதா அண்ணே?" என்றான் சதீசன் பவ்வியமாக.

இரண்டாவது கோழிக்கு மெல்றோய் பின்பல்லைக் குறைத்து முன்பல்லைப் பெரிதாக்கினான். காப்பெற்றில் பறக்கலாம். காப்பெற்றுக்குப் போய்ச் சேர்ந்தால்தானே! மணலில் மூன்றாவது மிதியில் சைக்கிள் பெட்டியோடு சாய்ந்தது. மீனைப் பொறுக்கிக் கழுவுமுன் காகங்கள் தங்கள் பங்கைப் பிரித்துவிட்டன.

"முட்டைக்கிருந்த கோழியும் போச்சு," என்றாள் மனைவி கண்ணகை. "இனி உங்கட வாயில இருக்கிற பல்லையும் கழட்டிப் பூட்டச் சொல்லுங்க."

மிச்சமிருந்தது சேவல். அதற்கு மெல்றோய் ஒரு வெளிநாட்டு உடைசல் சைக்கிளிலிருந்து ஐந்து பல்லுக் கியர் செற்றைக் கழற்றிப் பொருத்தினான்.

"மணலுக்கு ஒண்டு, கிறவலுக்கு ரெண்டு, காப்பெற்றுக்கு ரெண்டு. இதுக்கும் நீ பிந்தினா, பிழை சைக்கிளில இல்ல மச்சான்."

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சொன்னபடி கேட்டது. மணல் முடியும்போது சதீசன் பின்னால் ஒரு புள்ளியாகத் தெரிந்தான். கிறவலில் புள்ளியும் இல்லை. கோணாமலை சிரித்துக்கொண்டே சென்றியில் இறங்கி, தொப்பியைக் கழற்றி, ஐசியை நீட்டி, தலை குனிந்தான்.

'ம்ம்' வரவில்லை.

நின்றான். பிடரியில் வெயில் ஏறியது. பெட்டியில் ஐஸ் உருகிக் குதிக்காலில் சொட்டியது. பின்னால் ஒரு சைக்கிள் விர்ரென்று போனது. இவ்வளவு நாளும் நல்லவராக இருந்தவருக்கு இன்றைக்குத்தானா கோபம் வரவேண்டும்?

பால் வாளியோடு அந்த வழியால் வந்த இலட்சுமிப்பிள்ளை நின்றாள்.

"ஏன் மனே வெயிலுக்குள்ள நிக்கிறாய்?"

"மெல்லப் பேசுங்கக்கா. இன்னும் போகச் சொல்லல்ல."

அவள் சென்றிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு நீட்டியிருந்த ஐசியைப் பார்த்தாள்.

"ஆமி சென்றிய விட்டுப் போய் மூணு மாசம் மனே. உள்ள கட்டிக்கிடந்தது என்ட எருமை, அதையும் நேத்து வித்திற்றன்."