ஒன்பதாவது பொருள்

“இது என்ன, மூணே வார்த்தை?” இயற்பியல் பேராசிரியர் காகிதத்தை மேசைமேல் போட்டார். “போன கூட்டத்துல நான் இருபது நிமிஷம் பேசினேன். நீங்க ‘பேராசிரியர் கருத்துத் தெரிவித்தார்’னு முடிச்சிட்டீங்க.”

மினிட்ஸம்மா நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். கல்லூரி ஆட்சிக்குழு கூடும்போது ஓரமாக உட்கார்ந்து ‘மினிட்ஸ்’ என்னும் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. பெயர் வந்ததும் அதனால்தான். பழைய குறிப்பைப் படித்து ஒப்புதல் தருவதிலேயே பாதி மதியம் போய்விடும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் பதினாறு பக்கக் குறிப்பை ஒரே பக்கமாகச் சுருக்கியிருந்தாள்.

“சுருக்கமா இருக்கட்டும்னுதான் சார்...”

“நான் மறுபடி பேசறேன். ஒழுங்கா எழுதிக்குங்க.”

பேசினார். இருபது நிமிடப் பேச்சு முப்பத்தைந்து ஆனது. அவர் முடித்ததும் மற்றவர்களும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தங்கள் வரியைத் தேடத் தொடங்கினார்கள்.

பதினோரு வருடமாக அவள் தற்காலிக ஊழியர். அவளை நிரந்தரமாக்கும் கோரிக்கை அஜெண்டாவில் ஒன்பதாவது பொருள். எப்போதும் ஒன்பதாவதுதான். ஒரு கூட்டத்தில் எடுக்காமல் விட்ட பொருள், அடுத்த கூட்டத்தில் புதிய பொருள்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்பது இந்தக் கல்லூரியின் வழக்கம். ஐந்து மணியானால் கூட்டம் முடிந்தது. அதற்கு மேல் போட்ட தீர்மானம் செல்லாது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அந்த வயதுக்கு மேல் யாரையும் நிரந்தரமாக்க முடியாது. அடுத்த கூட்டமோ நாலு மாதம் கழித்து. இன்று விட்டால் விட்டதுதான்.

விடுவதாக அவளுக்கு உத்தேசம் இல்லை.

மூன்றரை மணி டீயைக் காலையிலேயே நிறுத்தச் சொல்லியிருந்தாள். அட்டெண்டர் அப்போதே தலையைச் சொறிந்தார். “கோவிச்சுப்பாங்கம்மா.”

“ஒரு நாள் டீ குடிக்கலைன்னா யாரும் செத்துப்போக மாட்டாங்கண்ணே.”

மூன்று ஐம்பதுக்கு வணிகவியல் பேராசிரியை நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “எனக்கு மண்டை வெடிக்குது. கேன்டீன் வரைக்கும் போயிட்டு வரேன்.”

ஏழு பேர் இருந்தால்தான் கூட்டம் நடக்கும். வந்திருந்ததே ஏழு பேர். முதல்வர் பேனாவை மூடினார். “ஆள் குறையுது. மேடம் வந்ததும் தொடரலாம்.”

மினிட்ஸம்மா மூன்று மாடி இறங்கி ஓடினாள். மேடம் இரண்டாவது டீக்குச் சொல்லியிருந்தார்.

“ஏம்மா இப்படி மூச்சிரைக்குது? உக்காரு, நீயும் ஒரு டீ குடி.”

“மேல போய்க் குடிச்சுக்கலாம் மேடம்.” ஒரு கையில் டம்ளரையும் இன்னொரு கையில் மேடத்தையும் பிடித்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் புருஷன் போன் செய்தார்; டம்ளரை மேடத்திடம் கொடுத்துவிட்டு எடுத்தாள்.

“எதுவரைக்கும் வந்திருக்கு?”

“மூணு.”

“மணியா?”

“பொருளுங்க. மணி நாலேகால்.”

அவர் போனை வைத்துவிட்டார். மனுஷனுக்குக் கணக்கு நன்றாக வரும்.

அடுத்ததாக முதல்வருக்கு ஒரு துண்டுச்சீட்டு தள்ளினாள். அவர் அதை உரக்கப் படித்தார். “ஒன்பதாவதை முதல்ல எடுக்கலாமான்னு கேக்கறாங்க. நியாயம்தான். வரிசையை மாத்த நமக்குக் கொள்கை ஏதாவது இருக்கா?”

“இல்லை. கொள்கை இல்லாம மாத்தினா நாளைக்கு ஆளாளுக்கு மாத்தச் சொல்லுவாங்க” என்றார் இயற்பியல். “வரிசை மாற்றக் கொள்கை வகுக்க ஒரு குழு போடுவோம்.”

“நல்ல யோசனை. புதுப் பொருள்தானே, நாலாவதாப் போட்டுக்கம்மா.”

அவளுடைய ஒன்பதாவது பத்தாவது ஆயிற்று. அதை அவளே தன் கையால் திருத்தி எழுதினாள். குழுவுக்கு யார் தலைவர் என்பதில் இன்னும் பதினைந்து நிமிடம் போனது.

நாலு ஐம்பதுக்கு ஆறாவது பொருளில் நின்றார்கள்: ஈரக் குடையை வகுப்பறைக்குள் கொண்டுவரலாமா?

“முதல்ல குடைன்னா என்னன்னு வரையறுக்கணும்” என்றார் இயற்பியல்.

“அப்ப ரெயின்கோட்டு?” என்றார் வணிகவியல். “அதுவும்தானே சொட்டுது?”

நாலு ஐம்பத்தைந்து. மினிட்ஸம்மா எழுந்து நின்றாள். உரக்கச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினாள்.

“ஆறு. ஈரக் குடையை வாசலிலேயே வைக்க வேண்டும். ஒருமனதாக ஏற்கப்பட்டது. ஏழு...”

“என்னம்மா இது?” முதல்வர் பதறினார். “நாங்க இன்னும் முடிவே பண்ணலையே!”

“நீங்க என்னைக்கு சார் முடிவு பண்ணியிருக்கீங்க? இங்க பேசற பேச்சுக்குள்ள முடிவு எங்க இருக்குன்னு தேடிப் பிடிச்சு எழுதறது நான்தானே? ஹாஸ்டல் கொள்கை, லீவு கொள்கை, லைப்ரரி கொள்கை... எதுல சார் உங்க வாக்கியம் இருக்கு?”

 ஏழு, எட்டு, ஒன்பது மூன்றையும் ஒரே கோட்டில் ஒத்திவைத்தாள். “பத்து. என்னை நிரந்தரமாக்கறது. கையைத் தூக்குங்க.”

ஒரு கையும் அசையவில்லை. வணிகவியல் மேடம் மெதுவாக நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். மினிட்ஸம்மா போய்க் கதவை மறித்து நின்றாள்.

“தலைவலி மாத்திரை என் பையில இருக்கு மேடம். அந்தக் கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க.”

மேடத்தின் கை உயர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக. கடைசிக் கை இயற்பியலுடையது. மணி நாலு ஐம்பத்தொன்பது.

முதல்வர் கையெழுத்துப் போட்டார். “அப்போ, நாளைலேர்ந்து தேர்வுப் பிரிவா?” நோட்டை அவர் இன்னும் விடவில்லை.

“ஆமா சார். நிரந்தரமானவங்க அங்கதானே போகணும்? விதி.”

அவள் நோட்டோடு வெளியே வந்தாள். திறந்த கதவு வழியாகப் பார்த்தால், உள்ளே ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வராந்தாவில் நின்றிருந்த அட்டெண்டரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“பாருங்கண்ணே, எழவு வீட்ல உக்காந்திருக்கற மாதிரி! எனக்கு ஒரு வேலை நிலைச்சா இவங்களுக்கு இவ்வளவு வயித்தெரிச்சலா?”

“வயித்தெரிச்சல் இல்லம்மா, பயம்” என்றார் அட்டெண்டர். “நீங்க போயிட்டா, இவங்க பேசறதை எவனாவது பேசினபடியே எழுதிடுவானேன்னுதான், பதினோரு வருஷமா முறை வெச்சுப் பேசி ஒன்பதாவது வராமப் பாத்துக்கிட்டாங்க.”