சராசரியாகப் பதினாலு பிள்ளைகள்

எனக்குக் கோபம் வந்தால், பாதி நேரம் தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐம்பது வயதானது. (என் மனைவிக்குக் கல்யாணமான வாரத்திலேயே தெரிந்துவிட்டதாம்.)

பட்டாளத்தில் பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட்டவன் நான். ஓய்வு பெற்று, புள்ளியியலில் முனைவர் பட்டமும் வாங்கி, புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு வழிகாட்டியானேன். வழிகாட்டி என்ன வழிகாட்டி, டிரில் வாத்தியார்!

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் என்னிடம் வந்து மாட்டியவள் செல்வி, அரியாங்குப்பம் பக்கத்து மீனவப் பெண். மீன் விற்கும் பெண்களின் குடும்பங்களைப் பற்றி ஆய்வு. நானூறு வீடு ஏறி இறங்கிக் கேள்வித்தாள் நிரப்பினாள். கணக்குப் போட உட்கார்ந்த அந்த மாதத்துக்குள்ளேயே ஆய்வேட்டை ஒப்படைத்தால் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை காத்திருந்தது.

"சார், எத்தன புள்ளன்னு சில பேரு சொல்லல. அந்த எடத்த காலியா உட்டுடட்டுமா?"

"காலியா? பட்டாளத்துல எந்த ஃபார்மும் காலியா போவாது. தொண்ணூத்தொம்பது போடு."

"தொண்ணூத்தொம்பதுன்னா பதில் இல்லன்னு கம்ப்யூட்டர்ல தனியா சொல்லணுமாம் சார்..."

"சொன்னத செய். எதிர்க்கேள்வி கேக்காத."

செய்தாள். கம்ப்யூட்டரும் என்னைப் போலவே யோசிக்காமல் ஒவ்வொரு தொண்ணூற்றொன்பதையும் பிள்ளைக் கணக்கில் சேர்த்துவிட்டது. நான் அட்டவணையைப் பார்க்கவில்லையா? பார்த்தேன். முடிவு உறுதியானது என்பதற்கு அடையாளமாக எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் இருந்தது. நட்சத்திரத்தைக் கண்டால் சல்யூட் அடித்தே பழகிய உடம்பு. கையெழுத்துப் போட்டேன்.

ஒப்படைப்பதற்கு முன் துறையில் எல்லோர் முன்னும் ஆய்வை விளக்க வேண்டும். செல்வியின் அம்மா அஞ்சலை அன்றைக்கு மீன் விற்கப் போகாமல், கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"மீன் விக்கிறவங்களுக்குச் சராசரியா பதினாலு பிள்ளைங்களா?"

"பதினாலா?" அஞ்சலை எழுந்தே விட்டார். "எந்த ஊட்ல சார்? எனக்கு இது ஒண்ணு, இதுக்கு மேல ரெண்டு. அவ்ளோதான்."

அரங்கமே சிரித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரிபாக்கத் தெரியாதா உனக்கு? அறிவு வேணாம்?" என்று செல்வி மேல் பாய்ந்தேன். பதில் சொன்னது அவள் அம்மா.

"அது கேட்டுச்சாமே சார். நீங்கதான் கேக்காதன்னீங்களாம். ஊட்ல வந்து அழுதுச்சு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கணக்கைத் திரும்பப் போட்டு, அத்தியாயங்களை மாற்றி எழுதி ஒப்படைக்க மூன்று மாதம் ஆனது. பட்டம் வந்தது. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே நாலு அறை அறையலாம் போல ஆத்திரம் வருகிறது.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் வழிகாட்டிக்குத்தான் முதலிடம். அது எழுதாத சட்டம். செல்வி முதலில் போட்டது, 'எந்த ஊட்ல?' என்று எழுந்து கேட்ட அம்மாவை. அடுத்து, டைப் அடித்துக் கொடுத்தவர். அப்புறம்தான் நான். வீட்டுக்கு யாராவது வந்து, நான் பட்டாளக் கதையை ஆரம்பித்தால் போதும், என் மனைவி காபியோடு வந்து, "இவரு டைப் அடிச்சவருக்கு அடுத்த ஆளுங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

வேலை போனதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. எழுதித் திட்டித் தொலைத்திருந்தால் தேவலை.