இறக்கையில் ஒரு புள்ளி குறைந்தால்

உலகத்தில் ‘பிரித்துப் பார்ப்பவர்’ என்றோர் இனம் உண்டு. இரண்டு பூச்சியைக் காட்டினால் மூன்று இனம் என்பார். அதில் நன்றாக முற்றிய ஒருவரைச் சொல்கிறேன், கேளுங்கள். அருங்காட்சியகத்தில் பூச்சி ஆய்வாளர். தேள் ஈ என்றால் உயிரை விடுவார். ஆண் ஈயின் வால்நுனி தேள்கொடுக்குப் போல மேலே வளைந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். மற்றபடி யாரையும் கொட்டாத பரம சாது.

மலையேறி, வலை வீசி, பிடித்ததை ஊசியில் குத்தி, உருப்பெருக்கியின் கீழே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கைப் புள்ளிகளை எண்ணுவார். ஒன்று குறைந்ததா? “புது இனம்!” வடக்குச் சரிவில் அகப்பட்ட ஆணுக்குத் துறைத் தலைவரின் பெயரை வைத்தார். மறுவருடம் தெற்குச் சரிவில் அகப்பட்ட ஒற்றைப் பெண்ணுக்கு மனைவியின் பெயர். அந்த அம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாவது இனம் தேடி இருவருமாகவே மலைக்குப் போனார்கள். ஒரு புதரருகே மனைவி நின்றாள்.

“என்னங்க, சத்தம் போடாம இங்க வாங்க.”

ஒரே இலையில் தலைவர் பெயர்கொண்ட ஆணும் மனைவி பெயர்கொண்ட பெண்ணும்! அவன் செத்த பூச்சியொன்றைப் பரிசாகக் கொடுத்திருக்க, இவள் அதைத் தின்றபடியே அவனோடு இணைந்திருந்தாள்.

“உங்க தலைவர் என்னோட குடும்பமே நடத்துறாரே!”

“தற்செயலா இருக்கும்” என்றார் வறண்ட குரலில்.

“அப்ப அந்தச் செடியில? அதுக்கு அடுத்த செடியில?”

ஏழு ஜோடிகள். ஆய்வாளர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக்கியிருக்கிறார்! இரண்டும் ஒன்றென்றால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். தலைவர் நிற்பார், மனைவி போய்விடுவாள்.

“வெளிய சொல்லாம விட்டுடட்டுமா?”

“அதுங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. நமக்கென்ன வீம்பு? எழுதிடுங்க.”

எழுதினார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் முப்பது வருடமாக எழுதியவற்றில், தம் தவறைத் தாமே ஒப்புக்கொண்ட அந்த ஒன்றரைப் பக்கத்துக்குத்தான் பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன.

திருந்திவிட்டாரா? வந்த கடிதங்களை இரண்டு கட்டாகப் பிரித்துவிட்டார்: மனதார எழுதியவை, மரியாதைக்கு எழுதியவை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் தலையசைக்காமல் போனார் என்பதற்காக, அவரைத் தனி இனமாக ஒதுக்கி வைத்திருப்பது யார் என்று மட்டும் நான் கேட்கவில்லை.