உட்கார்ந்தபடி ஓட்டக்காரர் தேடிய குழு

ஒருவரையும் ஓடவிடாமலே, மனிதன் எப்படி வேகமாக ஓடுகிறான் என்ற புதிரை அவிழ்த்தவர்கள் உலகத்திலேயே காரைக்கால்காரர்கள்தான். அதைச் சாதித்த ‘துரிதத்திறன் உடற்கூறு ஆய்வுக் குழு’வுக்கு 1983-இல் எழுத்தராக இருந்தவன் அடியேன் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பாண்டிச்சேரியில் நடக்கவிருந்த கபடிப் போட்டிக்கு எங்கள் ஊரிலிருந்து ஏழு பேரை அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் மைதானத்தில் கோடு கிழித்து, ஆடவிட்டு, பிடிபடாதவனைத் தேர்ந்தெடுக்கும் காட்டுமிராண்டிப் பழக்கம் இருந்தது. அந்த வருடம் குழுத் தலைவர் சோமசேகரனிடம் ஒரு ஆங்கிலப் புத்தகம் சிக்கிக்கொண்டது. உயரம், எடை, கால் நீளம், தொடைச் சுற்றளவு ஆகிய ‘காரணிகள்’ ஒழுங்காக அமைந்தவனுக்கு வேகம் தானாக வந்துவிடும் என்று அதில் போட்டிருந்ததாம். குள்ளமானவன் சட்டென்று திரும்புவான் என்றும் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. தலைவர் பன்னிரண்டாம் பக்கம் வரை வந்திருந்தார்.

“அப்புறம் எதுக்குய்யா வெயில்ல நிக்கணும்? ஃபேனுக்குக் கீழயே முடிச்சுடலாம்,” என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அலுவலகத்தில் டேப் கிடையாது. தையல்காரர் அல்லா பிச்சையை வரவழைத்தோம். தொழில் பக்தி மிகுந்தவர்.

“கால் நாப்பது இஞ்சு. மடிப்புக்கு ரெண்டு சேத்து நாப்பத்திரெண்டுன்னு போட்டுக்கங்க.”

“பாய், பேண்ட் தைக்கப் போறதில்ல. சும்மா அளக்கத்தான்.”

“தொவைச்சா சுருங்கும் சார்.”

நிபுணரை மறுத்துப் பேச எழுத்தருக்கு அதிகாரமில்லை, எழுதிக்கொண்டேன். எடை பார்க்க நெல் மண்டித் தராசு வந்தது. மண்டி ஆள் பழக்கதோஷத்தில் ஒவ்வொருவர் எடையிலும் சாக்குக்கென்று ஒரு கிலோ கழித்துவிட்டார். அதையும் எழுதிக்கொண்டேன்.

நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்கி முதலிடம் பிடித்தவன் பஞ்சநாதன். தலைவரின் அக்கா மகன் என்பது தற்செயல். அவன்மேல் எந்தப் புகாரும் கிடையாது, கபடி ஆடினான் என்ற புகார் உட்பட.

கடைசியாக வந்தான் கோட்டுச்சேரி செல்லையன். ஐந்தடி ஒரு அங்குலம், வளைந்த கால், தட்டைப் பாதம். அவனை ஆட்டத்தில் பிடித்தவர்கள் எங்கள் பக்கத்தில் யாருமில்லை என்பார்கள். ஆனால் அது வாய்ச்சொல், அளவு ஆகாது. முப்பத்தொரு மதிப்பெண் போட்டோம்.

“ஒரே ஒரு தடவ ஓடிக் காட்டுறேங்க,” என்றான்.

“ஓட்டத்துக்குப் படிவத்துல எடமில்லப்பா,” என்றார் தலைவர்.

“போட்டியில ஆடுன சர்ட்டிபிகேட் இருந்தா பியூன் வேலைக்குக் கூப்புடுவாங்கங்க. அடுத்த மாசம் வயசு தாண்டிடும். இதான் கடைசி.”

தலைவர் மனமுருகிப் போனார். “முடிவு பாண்டிச்சேரிலேர்ந்து வரும். வெளியில போயி இரு.”

அவன் வேப்பமரத்தடியில் போய் நின்றான். நான் பட்டியலை எழுதி உறையிலிட்டு ஒட்டினேன். பகல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினால் மாலைக்குள் பாண்டிச்சேரியில் சேரும். சேராவிட்டால் அந்த வருடம் காரைக்காலுக்கு அணியே கிடையாது. அவ்வளவு முக்கியமான வேலைக்கு எங்களில் மிக வேகமானவனைத்தானே அனுப்ப வேண்டும்? பஞ்சநாதன் போனான். பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம். அரை மணி நேரம் கழித்து உறையோடு திரும்பி வந்தான்.

“பஸ்ஸ எடுத்துட்டான் மாமா.”

“ஓடிப் புடிக்கிறதுதானேடா?”

“ஓடுனா வேர்க்குமே மாமா.”

தலைவர் என் பக்கம் திரும்பி, “அவன் வேகம் உள்ளுக்குள்ள இருக்கு,” என்று விளக்கினார். ஆபீஸ் சைக்கிளுக்குக் காற்று இல்லை. ஜீப்புக்கு டிரைவர் இல்லை. குழு அவசரக் கூட்டம் போட்டு, கவலைப்படுவது என்று முடிவு செய்தது.

செல்லையன் உள்ளே வந்தான். “குடுங்க சார், அது போவலன்னா எல்லார் பொழப்பும் போயிடும்,” என்று என் கையிலிருந்த உறையைப் பிடுங்கினான். மதில் சுவரைத் தாண்டியதுதான் தெரியும். அல்லா பிச்சை டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

பஸ் கடைத்தெருவில் நின்று நின்று, கூவிக் கூவி ஆள் ஏற்றிக்கொண்டு போகும். அவன் வயல் வரப்பில் விழுந்து ஓடி, கோட்டுச்சேரியில் பஸ்ஸை மறித்திருக்கிறான். திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு. குதிகாலில் ரத்தம்.

“கண்டக்டர் கையிலயே குடுத்துட்டேங்க.”

தலைவர் ஒரு குறிப்பு சொல்ல, நான் எழுதினேன்: ‘குழுவின் துரித நடவடிக்கையால் பட்டியல் உரிய நேரத்தில் அனுப்பப்பட்டது.’ பிறகு பெருந்தன்மையோடு, “இவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க,” என்றார்.

டீக்கடையில் செல்லையன் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னும் மூச்சு வாங்கியது.

“சார், எம் பேரும் அந்தக் கவர்ல இருக்குல்ல?”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

“இருக்கு,” என்றேன்.

அவன் சிரித்தபடி டீயை ஒரே மடக்கில் குடித்தான். ‘தகுதியற்றவர்கள்’ என்ற தலைப்பின் கீழே முதல் பெயரே அவனுடையதுதான். அதைச் சுமந்துகொண்டு ஓடத்தான் அவனை நாங்கள் விட்டோம்.