சந்தனம் அடைத்த வைஃபை பெட்டி

பெருமாநல்லூர் ரோடு,
திருப்பூர்.
ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை.

உடன்பிறந்த தம்பி ராஜபாண்டிக்கு அக்கா சீனியம்மாள் எழுதுவது. நீயும் சித்ராதேவியும் பிள்ளைகளும் ஓசூரில் நோய்நொடி இல்லாமல் இருக்க நம்ம கருப்பசாமி துணை நிற்க வேண்டும். அடுத்ததாக இங்கே நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டதாக வைத்துக்கொள்.

போன் பண்ணாமல் ஏன் கடுதாசி என்று கேட்பாய். போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். கடுதாசி என்றால் மீட்டிங்கிலேயே மேசைக்கு அடியில் வைத்துப் படித்துவிடலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது, போகப்போகச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, கோணலாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

விஷயம் உன் மச்சான் விட்டுவிட்டுப் போன வைஃபை பெட்டி. நீ வந்து அதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். என்னால் ஆகவில்லை. அது பிறந்த கதை உனக்கு முழுசாகத் தெரியாது. கொரோனா சமயத்தில் நம்ம லைன் வீட்டுப் பிள்ளைகள் பாடம் படிக்க நெட் கிடைக்காமல் மளிகைக்கடைச் சுவரோரம் குந்தியிருந்ததைப் பார்த்துவிட்டு, பனியன் கம்பெனியில் வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனுசன் பழைய சாமான் கடையில் ஒரு பெட்டியை வாங்கி வந்தார். கம்பெனிக்காரன் உள்ளே வைத்த சாப்ட்வேரை வழித்து எறிந்துவிட்டு, எந்த நாட்டுக்காரனோ சும்மா கொடுக்கிற வேறொன்றை வீடியோ பார்த்து ஏற்றினார். ஏற்றும்போது இரண்டு பெட்டி செத்தது. அதில் ஒன்று இன்றைக்கும் குளியலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சும்மா கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான், போலீஸ் வந்துவிடப் போகிறது என்று நான் பயந்தேன். "ஏ சீனி, அவன் குடுக்குறான், நான் வாங்கி நாலு பேருக்குக் குடுக்குறேன், இதுல போலீஸுக்கு என்னடி சோலி?" என்றார். மூன்றாவது பெட்டி பிழைத்தது. லைனில் எல்லாருக்கும் இலவச நெட், எல்லாருக்கும் ஒரே வேகம். வீட்டு ஓனர் ஆத்தப்பக் கவுண்டர்கூட, "ஏனுங்க மாயன், எனக்கும் அந்த ஒடிசாப் பையனுக்கும் ஒரே வேகமுங்களா?" என்று கேட்டுப் பார்த்தார். "ஆமாங்க கவுண்டரே, நெட்டுக்கு யாரு ஓனருன்னு தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டார் உன் மச்சான்.

அதோடு விட்டிருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை. நெட்டைத் திறந்தவுடன் ஒரு பக்கம் வருகிற மாதிரி அவரே எழுதி வைத்தார். "வாங்க. சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும். கீழே இரண்டு பட்டன். "இன்னும் இல்லை" என்று அமுக்கினால், "முதல்ல போய்ச் சாப்பிட்டு வாங்க, நெட்டு எங்கேயும் ஓடிப்போகாது" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காக்கப் போட்டுவிடும். "சாப்பிட்டாச்சு" என்று அமுக்கினால் உடனே விடும். ஊரெல்லாம் கேட்கிற மனுசன் நான் தட்டு வைத்தால் என்ன சொல்வார் தெரியுமா? ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு "உப்புக் கம்மி" என்பார். கலியாணமான மறுவாரம் ஆரம்பித்தது. ஆடி மாதம் அந்த வியாழக்கிழமையும் ரசம் வைத்தேன். "உப்புக் கம்மி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கம்பெனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்ததற்குக் கடைசியாக எனக்குக் கிடைத்த வார்த்தை அதுதான் ராஜபாண்டி. அதற்கப்புறம் நான் ரசம் வைக்கவே இல்லை. சோறும் இறங்கவில்லை. டீயும் வரிக்கியுமாக ஓடுகிறது.

கருமாதியன்று நீ வாங்கிக் கொடுத்த பெரிய போனில் நெட்டைத் திறந்தேன். "வாங்க. சாப்பிட்டாச்சா?" என்று கேட்டது. அதுவரை பட்டன் போன் வைத்திருந்தவளுக்கு அந்தக் கேள்வி அன்றைக்குத்தான் நேரில் வந்தது. நான் என்னத்தை அமுக்குவேன்? சாப்பிடவில்லை. இல்லை என்று அமுக்கினால் போய்ச் சாப்பிடு என்கிறது, சாப்பிட முடியவில்லை. ஆச்சு என்று அமுக்கினால் பொய். உயிரோடு இருக்கும்போதே அவரிடம் பொய் சொன்னதில்லை, இப்போதா சொல்வேன்? போனை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன். நீ அனுப்புகிற குட்மார்னிங் பூவெல்லாம் அரிசிக்குத்தான் போகிறது. இதுதான் கடுதாசிக்கு இன்னொரு காரணம்.

நான் போனைப் புதைத்தால் ஊர் புதைக்குமா? டீ டைமானால் பக்கத்துக் கம்பெனி ஆட்களெல்லாம் நம்ம காம்பவுண்டுச் சுவரில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அந்தக் கேள்வியைச் சத்தமாகப் படித்துச் சிரிக்கிறார்கள். நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு கேட்கிறேன். கேட்ட ஆள் போய்விட்டார், கேள்வி மட்டும் நாள் முழுக்க என் வீட்டு வாசலில் நின்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இது போதாதென்று, ஆவணியில் பின்னாடி ரூமுக்குப் புதிதாகக் குடிவந்த வேறு ஒடிசாப் பையன்கள் ஒருநாள் கதவைத் தட்டினார்கள். முன்னால் நின்றவன் பேர் பிஜய், தையல் மிஷினில் இருக்கிறவன். கும்பிட்டுவிட்டு, "சீனியம்மா, ரசம்?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த லைனில் எனக்குப் பேரே கிடையாது, மருதைக்காரம்மாதான். நேற்று வந்த பையனுக்கு என் பேர் எப்படித் தெரியும்? அதிலும் ரசத்தை ஏன் கேட்கிறான்? "ரசமெல்லாம் இல்லப்பா, போங்க" என்று கதவைச் சாத்திவிட்டேன். மறுநாளும் வந்தான். "ரசம் நஹி?" என்றான். ஊறுகாயைக் கொடுத்து அனுப்பினேன். அதற்கு மறுநாள் ஊறுகாய்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான். "அச்சா ஹை சீனியம்மா" என்றான், ஊறுகாய் நன்றாக இருந்ததாம். "ரசம்?" ஒரு ஆள் செத்த வீட்டில் வந்து அந்த ஆளைக் கொன்ற ரசத்தையே கேட்டால் என்ன செய்வது? ரசத்தால் சாகவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், எனக்குத் தெரியும். மனசுக்குத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. வருஷம் திரும்பாமல் நமக்குப் பண்டிகை கிடையாது, அது எனக்குத் தெரியாதா? ஆனால் வேலை செய்கிற பெட்டிக்கு என்ன துக்கம், அதை எதற்குப் பொட்டில்லாமல் விட வேண்டும் என்று தோன்றியது. வருஷா வருஷம் அவர்தான் ஒரு விரல் நுனியால் வைப்பார். எனக்கு அளவு தெரியவில்லை. சந்தனத்தைக் குழைத்து மேலே, கீழே, பக்கவாட்டில் வரிசையாக இருக்கிற ஓட்டை எல்லாவற்றிலும் அழுந்த வைத்தேன். பின்னாடி ஒரு தனி ஓட்டை இருந்தது, பாவம் அதை மட்டும் விடுவானேன் என்று அதற்கும் வைத்தேன். பெட்டிச் சூட்டுக்குச் சந்தனம் சிமெண்டு மாதிரி இறுகிப் போச்சு. மூச்சு விட முடியாமல் பெட்டி காய்ந்து, நெட் வருவதும் போவதுமாக விக்க ஆரம்பித்தது. சுவரில் இருந்த கூட்டம் இப்போது ஜன்னலுக்கே வந்துவிட்டது.

கவுண்டர் வந்தார். "ஏனுங்கம்மிணி, மாயன் இருந்த வரைக்கும் நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. இப்பப் பாருங்க, என்ற செவுத்துல காக்கா உக்காந்தாப்புல ஆளு உக்காந்திருக்குது. ரெண்டு கல்லு வேற பேந்து போச்சுங்க. தீவாளிக்குள்ள இதக் கம்பெனிப் பொட்டி மாதிரி மாத்தி, உங்க ஊட்டுக்கு மட்டும் வெச்சுக்கோணும். இல்லாட்டி நீங்க வேற ஊடு பாத்துக்கோணுமுங்க" என்று சொல்லிவிட்டு, கையோடு நெட் வேலை பார்க்கிற சிவராஜையும் கூட்டி வந்துவிட்டார்.

சிவராஜ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா, இது கம்பெனிச் சாப்ட்வேர் இல்லீங்க. அண்ணன் போட்ட பாஸ்வேர்டு தெரியாம உள்ளார போக முடியாதுங்க. ஒண்ணே வழி, பின்னாடி ஓட்டைல ஊசிய உட்டு அமுக்கிப் புடிச்சா அண்ணன் எழுதி வெச்சதெல்லாம் அழிஞ்சு வெறும் பொட்டி ஆயிருமுங்க."

"அந்தக் கேள்வியுமா?"

"எல்லாமேங்க."

அமுக்கு என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். ஊசியை வைத்தான். போகவில்லை. "அக்கா, இதுக்குள்ள என்னங்க?" "சந்தனம்பா." "இதுக்குள்ளயுமுங்களா?" ஊதினான், நோண்டினான், கடைசியில் ஊசி முனை ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. காற்று ஓட்டையை மட்டும் பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு, "சாமி குத்தமாயிரப் போவுதுங்க, என்னைய உட்டுருங்க" என்று போய்விட்டான்.

சுவிட்சை அணைத்தால் போதாதா என்று நீ கேட்பாய். அணைத்தேன். அணைத்து ஒரு டீ குடிக்கவில்லை, லைனே திரண்டு வந்து கதவை இடிக்கிறது. மூன்றாம் வீட்டு மருதாள் என் மூக்கில் கைவைத்துப் பார்க்கிறாள். "நெட்டு நின்னு போச்சுங்களா, உங்களுக்கு என்னமோ ஏதோன்னு உசுரே போயிருச்சுங்க!" கூட்டத்துக்குப் பின்னால் கவுண்டர். "ஏனுங்கம்மிணி, நான் அவிங்களுக்கு நிறுத்தச் சொன்னனுங்க, எனக்குமுங்களா? மூலனூர்ச் சந்தைல முருங்கக்கா வெல இப்பத்தான் வருமுங்க, காய் ஏத்தலாமா வேண்டாமான்னு தோட்டத்துல ஆளு நிக்குது!" பாவி மனுசன் தன் போனுக்கு ரீசார்ஜே பண்ணுவதில்லை போலிருக்கிறது. மறுபடி சுவிட்சைப் போட்டேன். பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. எனக்குத்தான் இருட்டு.

ஆகையால் தம்பி, இந்த ஞாயிற்றுக்கிழமையாவது நீ வர வேண்டும். சந்தனத்தைக் கரைக்கிற மருந்தும், ஒடியாத ஊசியும் கொண்டு வா. அந்த ஓட்டையை அமுக்கிப் பிடித்து அவர் கேள்வியை நிறுத்திவிடு. அமுக்கும்போது நான் கோயிலுக்குப் போய்விடுகிறேன். தினம் தினம் என் வாசலில் எல்லாரையும் கேட்டுவிட்டு என்னை மட்டும் பதில் சொல்ல முடியாமல் நிறுத்துகிற அந்தக் கேள்வியோடு இனிமேல் என்னால் குடித்தனம் பண்ண முடியாது. அது போனால் அவரும் முழுசாகப் போனதாக ஆகும். போகட்டும். இழுத்துப் பிடித்து வைக்க எனக்குத் தெம்பு இல்லை.

சித்ராதேவியைக் கேட்டதாகச் சொல். சின்னவன் பல் விழுந்ததைக் கூரைமேல் எறிந்தானா? வெயிலில் அலையாதே. குலசாமி உங்கள் அடுப்பை அணையாமல் காக்கட்டும்.

உன் அக்கா,
சீனியம்மாள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை தேடினேன். வீட்டில் சோறு இல்லை. அந்த நேரம் பிஜய் வந்து வழக்கம்போல "ரசம்?" என்று நின்றான். பருக்கை வேண்டுமே என்று உலை வைத்தேன். உலை வைத்த கை சும்மா இருக்காமல் புளியைக் கரைத்துவிட்டது. பையன்கள் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பிஜய் முதல் தட்டை என் பக்கம் நகர்த்தி "பஹலே ஆப், சீனியம்மா" என்றான். நான் சாப்பிடாமல் அவன் கை வைக்கமாட்டேன் என்கிறான். சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் வாங்கினேன். அப்புறம் அரிசிப் பானையில் கைவிட்டுப் போனை எடுத்துச் சார்ஜ் ஏற்றி, "சாப்பிட்டாச்சு" என்று தைரியமாக அமுக்கினேன். இன்னொரு பக்கம் வந்தது. அவர் எழுதியதுதான்: "சந்தோஷம். எங்க வீட்டுல இன்னைக்கும் சீனியம்மா ரசம். அந்த ரசத்துக்கு ஈடு இந்தத் திருப்பூர்லயே கிடையாது. உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மி. போங்க, நெட்டு வரும்." மருதாளிடம் போனைக் காட்டினேன். "ஏனுங்க, இத்தன வருஷமா நாங்க தெனமும் படிக்கறமுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா? பிஜய்க்கும் நாந்தான் படிச்சுச் சொன்னனுங்க" என்கிறாள். கவுண்டருக்கும் ஒரு தூக்கு ரசம் கொடுத்தனுப்பினேன். குடித்துவிட்டு, செவுத்துக் கல்லு அப்புறம் பூசிக்கலாமுங்க என்று சொல்லியிருக்கிறார். ஆகையால் நீ ஞாயிற்றுக்கிழமை வா, ஊசியும் மருந்தும் வேண்டாம், வெறுங்கையோடு வா. வந்து ஒரு வாய் குடித்துப் பார்த்து நியாயம் சொல். உப்பு சரியாகத்தான் இருக்கிறது.