வாசலில் வாரண்ட், கொடியில் சேர்ட்

அன்று காலை எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான், வாசலில் ஒரு சார்ஜன்ட். இல்லாதவை இரண்டு: சார்ஜன்டின் கையில் வாரண்ட், என் தலையில் மூளை.

யாரிடமோ போனைப் பறித்துக்கொண்டு ஓடிய ஒருவன் எங்கள் பின்வளவுக்குள் குதித்துவிட்டானாம். உள்ளே வந்து பிடிக்க வேண்டும் என்றார் சார்ஜன்ட்.

அப்பா வழக்கம்போல அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினார். எல்லோருடைய அடையாள அட்டைகளும், வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்த பழைய துண்டுகளும் அதற்குள்தான். பொலிஸ் வந்தால் முதலில் டின், பிறகு கதிரை, பிறகு தேத்தண்ணி. பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டம் படிக்கிறவன் அல்லவா நான்! (படித்திருந்தது ஆறு பாடம்.) கதவை மறித்து நின்றேன்.

“வாரண்ட் எங்க?”

“மல்லி, கள்ளன் உள்ள. துரத்தி வந்தா வாரண்ட் வேணாம்,” என்றார் சார்ஜன்ட், தெரிந்த தமிழில். (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.)

“எந்தப் பிரிவு? காட்டுங்க.”

“வழிய விடு மோனை,” என்றார் அம்மா. “பத்து மணிக்கு உனக்கு இன்டர்வியூ.”

ஒரு சட்டத்தரணியிடம் எழுத்தர் வேலை. எங்கள் வீட்டில் ஒருவருக்கு முதன்முதலாக ஒரு மேசை கிடைக்கக்கூடிய நாள். அந்த நினைப்பே என் நெஞ்சை இன்னும் நிமிர்த்தியது. பத்து நிமிடம் உரிமை பற்றிப் பேசினேன். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். அப்பாவின் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

“போன்ல தேடிப் பாருங்க, மல்லி.”

தேடினேன். பிடிக்க வேண்டிய ஆள் உள்ளே புகுந்ததாக நம்பக் காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே வரலாம். வீட்டுக்காரர் வழிவிட்டே ஆக வேண்டும். (ஏழாம் பாடம்.)

வழிவிட்டேன். பின்வளவில் கள்ளன் இல்லை. இன்டர்வியூவுக்கென்று அம்மா தோய்த்துக் கொடியில் போட்ட என் வெள்ளைச் சேர்ட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு சிவப்பு டீசேர்ட் தொங்கியது. பின் ஒழுங்கையில் காவல் நின்ற கொன்ஸ்தாபிள், சிவப்பு டீசேர்ட்டோடு யாரும் வரவில்லை, வெள்ளைச் சேர்ட் போட்ட படித்த பிள்ளை ஒன்றுதான் போனது என்றார்.

(என்னை இன்றுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.)

பத்து மணிக்கு நான் பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேசை கிடைத்தது, மற்றப் பக்கம்.

இப்போதும் குளியலறைக் கதவைத் தட்டினால் உள்ளிருந்து அப்பா கேட்பார்: “வாரண்ட் இருக்கா?” டின்னுக்குள்ளும் புதிதாக ஒரு துண்டு இருக்கிறது, அடுத்த முறை பொலிஸ் வந்தால் காட்டுவதற்காம். புது வெள்ளைச் சேர்ட் ஒன்றின் பற்றுச்சீட்டு: இரண்டாயிரத்து எண்ணூறு ரூபா.